இரண்டடித் தூண்டிலும் ஆறாவது கதிரையும்

விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்த கையோடு, தங்கையின் கணவர் சிவநேசன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பயணத்தைப் பற்றியதல்ல.

"மச்சான், தூண்டில் சாமான் பற்றி உங்களுக்கு வடிவாத் தெரியும்தானே?"

"தெரியாமல் என்ன!" என்றேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிற மனிதர். முதல் கேள்விக்கே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த இரண்டு சொல் என்னை உறைந்துபோன ஓர் ஏரியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்திருந்தால், திரும்பிப்போய் விமானத்தில் ஏறியிருப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் நான் வேலை செய்வது மீன்பிடி சம்பந்தமான ஓர் அரசாங்க அலுவலகத்தில். வள்ளங்களுக்கு அனுமதி கேட்பவர்களின் கோப்புகளைப் பதினெட்டு வருடமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மீன் என் மேசைக்கு வந்தால் விண்ணப்பப் படிவமாக வரும். மத்தியானத்தில் பாரைமீன் குழம்பாக வரும். தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. ஆனால் சொந்தக்காரர் எல்லோரும் என்னை "ஃபிஷரீஸில பெரிய ஆள்" என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் அது. நிலையத்தின் கதவு தானாகத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மூக்குக்குள் இருந்த மயிர் விறைத்து ஊசியாகக் குத்தியது. "இது ஒண்டுமில்லை, போன கிழமைதான் குளிர்" என்றார் சிவநேசன். இந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும் உண்மையான குளிர் போன கிழமைதான் அடித்திருக்கிறது. அடுத்த நாட்களில் அதை நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், பதினோராம் மாடியில் வீடு. கதவைத் திறந்த வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் இறால் பொரியலும் வந்தன, அழுகை நின்றுவிட்டது. கனடாக் கத்தரிக்காய் நம்முடையதைவிட மூன்று மடங்கு பெரிது, ருசி மூன்றில் ஒன்று. வசந்தியின் கை மாறவில்லை.

கை கழுவப் போனபோது, சுவரோரம் இருந்த ஹீட்டரின் மேல் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், துணி சுற்றி, நோயாளி மாதிரிப் படுத்திருப்பதைக் கண்டேன். அலுமாரியில் இடம் போதாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீரோடு சிவநேசன் விஷயத்துக்கு வந்தார். அவர் வேலை செய்வது ஜன்னல் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில்.

"லஞ்ச் றூமில ஒரு மேசை இருக்கு மச்சான். ஆறு கதிரை, அஞ்சு பேர். ஆறாவது கதிரையில எல்லாரும் தங்கட ஜக்கெற்றைக் குவிச்சு வைப்பினம். மூண்டு வருசமா நான் மெஷினுக்குப் பக்கத்தில ஒரு பெட்டியைக் கவிட்டு வைச்சு, அதில இருந்துதான் சாப்பிட்டனான்."

"ஜக்கெற்றை எடுங்கோ எண்டு சொல்லுறதுதானே?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவை கெட்ட ஆக்கள் இல்லை. காணுறதில்லை, அவ்வளவுதான். சும்மா போய் அதை என்னண்டு சொல்லுறது?"

ஆனால் கார்த்திகையில் ஒருநாள் ஃபோர்மன் கென், தான் பிடித்த மீனின் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பக்கம் போன சிவநேசன், என்ன தோன்றியதோ, "நாங்களும் மீன்பிடிகாரர்தான். நான் தூண்டிலோடை வளர்ந்தனான்" என்று சொல்லிவிட்டார். கென் உடனே எழுந்து, ஆறாவது கதிரையில் கிடந்த ஜக்கெற்றுகளை அள்ளி ஜன்னலடியில் போட்டுவிட்டு, "இருந்து சொல்லு" என்றாராம். அன்றிலிருந்து சிவநேசன் மேசையில்தான் சாப்பிடுகிறார்.

"ஆனா ஒவ்வொரு நாளும் ஜக்கெற் திரும்ப அந்தக் கதிரைக்கு வந்திடும். நான் போய் நிண்டாப்பிறகுதான் எடுப்பினம்" என்று அவரே மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்து சிவநேசனின் தகப்பன் கொக்குவிலில் கொப்பி, பென்சில் கடை வைத்திருந்தவர். அவர்கள் வீட்டுக்கு மீன் சைக்கிளில்தான் வரும். சிவநேசனோ கிணற்றை எட்டிப் பார்க்கவே பயந்த பிள்ளை.

"இப்ப சனிக்கிழமை ஏரிக்கு வரச்சொல்லி கென் கூப்பிட்டிருக்கிறார். சொந்தமாத் தூண்டில் கொண்டு வரட்டாம். மச்சான் ஃபிஷரீஸ், அவரும் வாறார் எண்டு நான் சொல்லிப்போட்டன்."

"அண்ணை, இவர் அங்க போய் முழிச்சாரெண்டா பொய் பிடிபட்டிடும்" என்றாள் வசந்தி. "ஜக்கெற் நிரந்தரமாக் கதிரையில ஏறியிடும். இவர் பழையபடி பெட்டிக்கு மேல."

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. மணக்கும் என்று சொல்லி, இவர் வீட்டுச் சாப்பாடு எதையும் வேலைக்குக் கொண்டுபோவதில்லை. மூன்று வருடமாகப் பாணும் ஜாமும்தான். கதிரை கிடைத்த பிறகு, அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டதாம்.

நானும் பொய்க்காரன்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "யோசிக்காதையுங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தூண்டில் வாங்கப் புறப்பட்டால் கார் அசையவில்லை. குளிரில் பற்றரி செத்துவிட்டது. பஸ்ஸில் போனோம். தரிப்பிடத்துக்கு நடக்கும்போது கண்ணாடி மாதிரி உறைந்திருந்த நடைபாதையில் சறுக்கி, ஒரு தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். அதே பெட்டியை எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுத் தனித்தனியே பிரிந்தோம்.

தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் தமிழ்க் கடை. ஆளுக்கு இரண்டு ஆட்டிறைச்சி றோல்ஸ் வாங்கினோம். உள்ளே நெருப்பு, வெளியே பனி. வாய் வெந்தது, விரல் விறைத்தது. கொழும்புப் பஸ்ஸில் ஏறினால் முன்னால் நிற்பவரின் வியர்வையிலிருந்து அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடலாம். இங்கே எல்லோரும் மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருந்தார்கள். மூக்கு மட்டும் வெளியே. இரண்டாவது பஸ்ஸில் ஏறக் காட்டவேண்டிய துண்டுச் சீட்டை நான் றோல்ஸ் கடதாசியோடு எறிந்துவிட்டேன். சாரதி என் முகத்தைப் பார்த்தார், என் மெல்லிய சப்பாத்தைப் பார்த்தார், "உள்ளே போ, ஐயா, செத்துவிடாதே" என்றார்.

கடைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவர் முழுக்கத் தூண்டில் தடிகள்! கறுப்பு, சிவப்பு, பச்சை; ஆள் உயரத்தில், அதற்கு மேலும். கண்ணாடிப் பெட்டிக்குள் நூல் சுற்றும் ரீல்கள் நகைக்கடைச் சாமான் மாதிரி மினுங்கின. பதினெட்டு வருடம் படிவத்தில் "உபகரணங்கள்" என்று ஒற்றைச் சொல்லில் நிரப்பிய சங்கதி இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கடைக்காரி டோரத்தி. அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. ஐஸில் மீன்பிடிக்க என்றதும் இரண்டடித் தடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உது சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் மச்சான்" என்றார் சிவநேசன் காதுக்குள். அவருடைய கண் எட்டடித் தடி ஒன்றின் மேல் இருந்தது. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. வாங்குவது என்றால் கொஞ்சம் பெரிதாய் வாங்கவேண்டும் என்பது நம் இரத்தத்தில் உள்ளது. சப்பாத்தானாலும் சட்டையானாலும் ஓர் அளவு கூட வாங்கித்தானே நாங்கள் வளர்ந்தோம்? "இதுதான் சரி" என்று நிபுணர் குரலில் சொன்னேன்.

டோரத்தி மறுக்கவில்லை. ஒரு வாளியைத் தரையில் வைத்தார். அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டுச் சிவநேசனை இருத்தினார். "இந்த வாளிதான் ஐஸில் உள்ள ஓட்டை. நீ ஒரு சின்னக் குடிலுக்குள் இருக்கிறாய். இந்த அலுமாரி ஒரு சுவர், அந்த அலுமாரி மற்றச் சுவர். இப்போது மீனைப் பிடி" என்றார்.

சிவநேசன் எட்டடித் தடியைத் தூக்கினார். நுனி போய்க் கூரை விளக்கில் முட்டியது. திருப்பினார், அலுமாரியிலிருந்த தொப்பிகள் பொலபொலவென்று விழுந்தன. கடையில் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"ஓம், இரண்டடி காணும்" என்றார் சிவநேசன்.

அதன் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டோரத்தி மூன்று சின்னத் தடிகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் தங்கூசி நூலைக் கோர்த்து, மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு, எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். "குளிர்காலத்து மீன் இழுக்காது. முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடும். நான் தொடும்போது சொல்லுங்கள்."

முதல் தடியைப் பிடித்தோம். நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். "நான் ஆறு தடவை தொட்டுவிட்டேன்" என்றார். அது மொத்தமான, வளையாத தடி. பெரிய மீனுக்கு நல்லது, சின்னக் கடியைக் கைக்குச் சொல்லாது. இரண்டாவது அளவுக்கு மீறி வளைந்தது. தொட்டது தெரிந்தாலும், சுண்டி இழுக்கும்போது தடிதான் வளைந்தது, நூல் அசையவில்லை. மூன்றாவது, நுனி மெல்லியது, அடி உறுதியானது. கண்ணை மூடியிருந்தேன். உள்ளங்கையில் ஓர் எறும்பு நடந்தது.

"இப்ப!" என்று நானும் சிவநேசனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

டோரத்தி சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாற்பத்தாறு வயதில் கடை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன் என்று அலுவலகத்தில் சொன்னால் நம்புவார்களா?

ரீல் எடுக்கும்போது சிவநேசன் மறுபடியும் பெரியதில் கை வைத்தார். டோரத்தி அதைத் தடியில் பூட்டி, ஒரே விரலில் நிறுத்திக் காட்டினார். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ரீலைப் பூட்டினார். தராசு முள் மாதிரி நேராக நின்றது. "நாள் முழுக்கப் பிடிக்கப்போவது உன் மணிக்கட்டு" என்றார். இரண்டு தடி, இரண்டு ரீல் எடுத்தோம்.

கடைசியாக ஒன்று சொன்னார். "உள்ளே உள்ள கிரீஸ் குளிரில் இறுகிவிடும். கழுவி எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் போடுங்கள்." ஒரு குட்டிப் போத்தலையும் எடுத்து வைத்தார்.

"எண்ணெய் எங்களிடம் இருக்கிறது" என்றேன் நான், பெரிய ஆள்.

பின்னேரம் வசந்தி கோயிலுக்குப் போனாள். சிவநேசன் புதுப் பற்றரி பூட்டக் கீழே இறங்கினார். நான் தனியே சமையலறையில் இரண்டு ரீல்களையும் கழற்றி, பழைய பல்துலக்கியால் சுடுதண்ணீரில் தேய்த்து, கிரீஸை எல்லாம் எடுத்தேன். மெல்லிய எண்ணெய்க்கு எங்கே போவது? ஹீட்டரின் மேல் படுத்திருந்த போத்தல் கண்ணில் பட்டது. தண்ணீர் மாதிரித் தெளிவாக ஆடியது. கொழும்பில் கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் இதைத்தானே விடுவோம்? உள்ளிருந்த சக்கரங்களின் பல்லுப் பல்லாகப் பார்த்துத் தாராளமாக விட்டேன். சுற்றினால் சத்தமே இல்லை.

திரும்பி வந்த சிவநேசன் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பட்டு மாதிரிப் போகுது மச்சான்! என்ன போட்டனீங்கள்?" என்றார்.

"அது டிப்பார்ட்மென்ற் ரகசியம்" என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். வசந்தி ஒரு பெட்டியில் புட்டும் இடிச்ச சம்பலும் கட்டித் தந்தாள். சிவநேசன் அதைக் காரில் விட்டுவிட்டு வரச் சொன்னார். நான் ஜக்கெற்றுக்குள் ஒளித்துக்கொண்டேன். வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். சிம்கோ ஏரியின் கரையில் கென் நின்றார். பெரிய உருவம், நரைத்த தாடி, ஒரு வாக்கியத்தில் மூன்று சொல். என் கையைக் குலுக்கி, "நிபுணர்?" என்றார். "ஏதோ" என்றேன். தூண்டில்களைத் தன் பிக்கப் வண்டியின் திறந்த பின்பக்கத்தில் வைத்தார்.

பிறகு அந்த மனிதர் வண்டியை நேரே ஏரிக்குள் விட்டார்.

நான் கத்தியது கரைவரை கேட்டிருக்கும். ஏரி முழுக்க வெள்ளை வெளி. தூரத்தில் சின்னச் சின்னக் குடில்கள், ஒரு கிராமமே குடியேறியது மாதிரி. கென் வண்டியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். "ஏன்?" என்று கேட்டேன். "ஐஸ் உடைந்தால் வெளியே வர" என்றார் அமைதியாக. கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பயம் ஐந்து நிமிடத்தில் சந்தோஷமாக மாறியதை என்னவென்று சொல்வது? தண்ணீரின் மேல் வண்டியில் போகிறேன்! தலையை வெளியே நீட்டிக் கூவினேன். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

குடில் தங்கையின் சமையலறையைவிடச் சின்னது. மூன்று பேர் முழங்கால் முட்ட உட்காரலாம். டோரத்தியின் இரண்டு அலுமாரிகளை நினைத்துக்கொண்டேன். கென் ஓர் இயந்திரத்தால் ஐஸைக் குடைந்தார். தண்ணீர் கறுப்பாக மேலே வந்தது. அடுப்பைப் பற்றவைத்தார். அது இன்னும் சூடேறவில்லை. எங்கள் மூச்சுப் புகை மட்டும்தான் உள்ளே.

நூலைக் கீழே விட்டோம். சிக்கலில்லாமல் போனது. கொஞ்சம் தூக்குவோம் என்று ரீலின் பிடியைச் சுற்றினேன். அசையவில்லை. அழுத்தினேன். கல் மாதிரி நின்றது. பக்கத்தில் சிவநேசனும் அதே நேரம் தன்னுடையதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரீலின் விளிம்பில், பல்லிடுக்கில், வெள்ளையாக ஏதோ பிதுங்கியிருந்தது. விரலால் சுரண்டி மூக்கில் வைத்தேன்.

"மச்சான்," என்றார் சிவநேசன் தமிழில், கென்னைப் பார்த்துச் சிரித்தபடியே, "என்ன எண்ணெய் போட்டனீங்கள்?"

"தேங்காயெண்ணெய்."

"ஐயோ! அது இஞ்ச வீட்டுக்குள்ளயே கட்டியாப் போயிடுமே! அதுக்குத்தானே அவள் ஹீட்டருக்கு மேல வைக்கிறவள்!"

மூன்று வருடத்துக்குப் பிறகு பெட்டியிலிருந்து இறங்கிய மனிதரை, அரைப் போத்தல் தேங்காயெண்ணெயால் நான் திரும்ப அங்கே ஏற்றிவிட்டேன். கென் எங்களுடைய ரீல்களைப் பார்த்து, "பிரச்சினை?" என்றார்.

"இல்லை" என்றேன். வாய் தானாகப் பேசியது. "எங்கள் நாட்டில் ரீல் பாவிப்பதில்லை. கையால்தான் இழுப்போம். அதுதான் எங்கள் முறை."

கென்னின் புருவம் உயர்ந்தது. மரியாதையாகத் தலையாட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சிவநேசனின் தடி நுனி மெல்ல ஒருமுறை குனிந்தது.

"எறும்பு!" என்று நான் கத்தினேன்.

சிவநேசன் சுண்டினார். தடி வில்லாய் வளைந்தது. "ஐயோ மச்சான், இழுக்குது! உயிரோடை இழுக்குது!" தடியைப் போட்டுவிட்டு நூலைப் பிடித்தார், கை வழுக்கியது, பயத்தில் எழுந்தார், அடுப்பில் முட்டினார். கென் பாய்ந்து நூலைப் பற்றிக்கொண்டு, "மெதுவாக, மெதுவாக" என்று அவருடைய கையோடு கை வைத்து இழுத்தார். நான் எதற்கென்று தெரியாமல் சிவநேசனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு வெள்ளி மினுக்கம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஓட்டையின் வாயில் மீன் தலை! முழங்கை நீளம். வைற்ஃபிஷ் என்று பெயராம். குடிலின் தரையில் விழுந்து அது துள்ளிய துள்ளலில் நாங்கள் மூன்று பேரும் கூடத் துள்ளினோம்.

"உன் மீன்" என்று கென் சிவநேசனின் முதுகில் தட்டினார். "கொக்கியைக் கழற்று."

சிவநேசன் குனிந்தார். மீன் ஒரு தரம் துடித்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மறுபடியும் கையை நீட்டினார், மறுபடியும் இழுத்துக்கொண்டார். கென் மீனைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

சிவநேசன் நேராக நிமிர்ந்தார். "கென், நான் பொய் சொன்னேன்" என்றார் ஆங்கிலத்தில். "நான் வாழ்க்கையில் மீன் பிடித்ததில்லை. என் அப்பா கொப்பி விற்றவர். இவர் ஃபைல் பார்க்கிறவர்."

"ஏன்?" என்றார் கென்.

"கதிரைக்காக."

கென் குனிந்தார். கொக்கியைத் தானே கழற்றினார். இறுகின ரீல்களை எடுத்து அடுப்பின் விளிம்பில் வைத்தார். அடுப்பு இப்போது நன்றாகச் சூடாகியிருந்தது. எண்ணெய் உருகி, சொட்டுச் சொட்டாக வடிந்து, குடில் முழுக்கத் தேங்காய் வாசம் எழுந்தது. அந்த வாசத்தில் எனக்குப் பசி தாங்கவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஜக்கெற்றுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தேன். சிவநேசன் கண்ணை மூடிக்கொண்டார். கென் கையால் புட்டை அள்ளினார், சம்பலைத் தொட்டார், வாயில் போட்டார். முகம் சிவந்து, வாளியில் இருந்த ஐஸில் ஒரு துண்டை எடுத்துச் சப்பினார். பிறகு மறுபடியும் அள்ளினார். பெட்டி வெறுமையாகும்வரை மூன்று பேரின் கையும் நிற்கவில்லை.

அதன்பின் ரீல்கள் பட்டு மாதிரிச் சுற்றின. பொழுது சாயும்வரை ஆறு மீன். நான் பிடித்தது ஒன்று, விரல் நீளம். அதற்கும் கூச்சல் போட்டேன். ஆனால் கென் கரைக்கு வரும்வரை தன் வழக்கமான மூன்று சொல்லையும் பேசவில்லை. வைற்ஃபிஷைக் கடதாசியில் சுற்றிச் சிவநேசனிடம் கொடுத்தார். "திங்கள்" என்றார். அவ்வளவுதான்.

"திங்கள் எண்டா என்ன அர்த்தம் மச்சான்?" என்று வீடு வரும்வரை சிவநேசன் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் தெரியவில்லை. என் எண்ணெய்க்கும் என் வாய்க்கும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்ன, முதல் பொய் என்ரதுதானே" என்றார். அது என்னை இன்னும் வருத்தியது.

ஞாயிறு முழுக்க வீட்டில் மீன் மணம். வசந்தி பாதியைக் குழம்பு வைத்தாள், மீதியை மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்தாள். நம் கடல் மீனின் உப்புச்சுவை அதில் இல்லை. ஆனால் சதை வெண்ணெயாக உதிர்ந்தது. நான் பத்துத் துண்டு சாப்பிட்டேன். சிவநேசன் இரண்டு.

திங்கட்கிழமை காலை அவர் பாணும் ஜாமும் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! "போற கதிரை போகட்டும். பெட்டிக்கு மேல இருந்தாவது இனி மனிசர் சாப்பிடுற சாப்பாட்டைச் சாப்பிடுங்கோ!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பாணை வைத்துவிட்டு, வசந்தியின் பொரியல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அலுவலகம் தந்தது ஒரு கிழமை லீவுதான்; மறுநாள் எனக்கு விமானம். பெட்டி அடுக்கிக்கொண்டே அன்று முழுக்கக் கதவைப் பார்த்திருந்தேன். நாலு மணிக்குக் கதவுப் பூட்டில் திறப்பு அசைந்தது. சிவநேசன் உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருந்தார். கையில் பெட்டி இல்லை.

"பொரியல் பெட்டி எங்க?" என்றாள் வசந்தி.

"கென் வைச்சிருக்கிறார். திருப்பி நிரப்பித் தந்தாத்தான் தருவாராம்."

"அதை விடுங்கோ," என்றேன். "ஜக்கெற் எங்க இருந்தது?"

அவர் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"சுவரில மச்சான். ஜன்னல் சட்டத்துப் பலகை ஒண்டு எடுத்து, கென் ஆணி அடிச்சு மாட்டியிருக்கிறார். அஞ்சு ஆணியில அவையின்ர ஜக்கெற் தொங்குது. ஆறாவது ஆணி வெறுமையா இருந்தது. நான் கதிரையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன், கென் சொல்லுறார், என்ன பார்க்கிறாய், உன்ர ஜக்கெற்றைக் கழற்றிக் கொழுவு எண்டு."